முன் செல்லும் செய்தியும் பின் வரும் பொதியும்

தபாலிற் செல்லும் ஒவ்வொரு பொருளும் இருவகைச் சுமைகளைத் தாங்கிச் செல்கின்றது. ஒன்று உறையின் உள்ளே இருப்பது. அது அனுப்புவோருக்கும் பெறுவோருக்குமே உரியது. மற்றையது உறையின் மேலே இருப்பது. பெறுவோர் பெயர், ஊர், பொருளின் நிறை, செலுத்திய கட்டணம், அனுப்பிய நாள் என்னும் இவை தபாற் பகுதியார் அறியவேண்டியவை. உள்ளே இருப்பதைச் சட்டத்தின் ஆணையின்றி எவரும் பிரித்துப் பார்த்தலாகாது என்பது தபாலின் முதலாவது அறம். மேலே இருப்பதைப் பிழையின்றி வாசித்தல் வேண்டும் என்பது அதன் முதலாவது தொழில். இந்த மேற்சுமையே இற்றை நாளில் தரவு எனப்படுகின்றது. அதனைக் கணினிகள் வாசிக்கத்தக்க இலக்கங்களாக மாற்றி, எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஓர் ஒழுங்கில் அமைத்துவிட்டால், அதிலிருந்து புதிய சேவைகள் பல பிறக்கின்றன. அவை எவ்வாறு பிறக்கின்றன, அவற்றாற் பயன் பெறுவோர் யாவர், விடுபட்டுப் போவோர் யாவர் என்பன சிந்தித்தற்குரிய வினாக்களாகும்.

கணக்கிலிருந்து சேவை பிறத்தல் தபாலுக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரித்தானியாவிலே கடிதக் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து விதிக்கப்பட்டது. பெரும்பாலும் அதனைச் செலுத்தியவர் கடிதத்தைப் பெற்றவரே. றோலண்ட் ஹில் என்பார் தபாற் பகுதியின் கணக்குகளை ஆராய்ந்து 1837-ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைக் கொண்டு செல்வதற்கான செலவு ஒரு பென்னியின் 36-இல் ஒரு பங்கே என்பது அவர் கண்ட முடிவு. அப்படியாயின் பெருஞ் செலவு எங்கே விளைகின்றது? ஒவ்வொரு கடிதத்துக்கும் தூரம் பார்த்து, தாள் எண்ணி, கட்டணம் குறித்து, வாசலில் நின்று காசு அறவிடும் வேலையிலேயே விளைகின்றது. இதனைக் கண்ட பின்னர் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் விதித்தல் பொருளற்றதாயிற்று. நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம், அதனை அனுப்புவோரே முன்கூட்டிச் செலுத்துதல், செலுத்தியமைக்கு அடையாளமாக ஒரு முத்திரை என்ற ஏற்பாடு 1840-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. முந்திய ஆண்டில் ஏறத்தாழ ஏழரைக் கோடியாக இருந்த கடிதங்கள் அவ்வாண்டிற் பதினாறு கோடிக்கு மேலாகப் பெருகின. எழுதும் ஆசை இருந்தும் காசில்லாதிருந்த ஏழை மக்களுக்குத் தபாற் கதவு திறந்தது. இலங்கையின் முதலாவது முத்திரை 1857-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் முதலாந் திகதி வெளிவந்தது.

உள்நாட்டிற் கண்ட இந்த எளிமை நாடுகளுக்கிடையே இருக்கவில்லை. ஒவ்வொரு நாடும் மற்றைய நாடுகளோடு தனித்தனி உடன்படிக்கை செய்திருந்தது. ஒரே ஊருக்குச் செல்லும் கடிதம் செல்லும் வழிக்கேற்ப வெவ்வேறு கட்டணம் பெற்றது. இச்சிக்கலை நீக்கும் பொருட்டு 22 நாடுகளின் பிரதிநிதிகள் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிற் கூடி, 1874-ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 9-ஆந் திகதி ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். கடிதப் பரிமாற்றத்தைப் பொறுத்தமட்டில் உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒரே தபால் ஆள்புலம் என்பது அவ்வுடன்படிக்கையின் உயிர்நாடி. அவ்வாறு தோன்றிய அமைப்பே இன்று 192 நாடுகளை உறுப்பாகக் கொண்ட உலகத் தபால் ஒன்றியம். இலங்கை 1877-ஆம் ஆண்டில் இதிற் சேர்ந்தது. அன்று நாடுகளை இணைத்தது பொதுவான கட்டண விதி. இன்று அவற்றை இணைப்பது, அல்லது பிரிப்பது, பொதுவான தரவு விதி. இந்த மாற்றத்தின் பொருளை அறிய, தபால் இலக்கங்களாக மாறிய வரலாற்றைப் படிப்படியாக நோக்குதல் வேண்டும்.

முதலில் இலக்கமாக மாறியது இடம். யேர்மனி 1941-ஆம் ஆண்டிலே தபாற் குறியீட்டெண்ணைப் புகுத்தியது. பிரித்தானியா 1959-இல் நோர்விச் நகரிற் பரிசோதனை செய்தது. ஐக்கிய அமெரிக்கா 1963-இலும், இந்தியா 1972-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்றும் அம்முறையை மேற்கொண்டன. இலங்கையில் ஐந்து இலக்கக் குறியீடு வழங்குகின்றது. யாழ்ப்பாணத்துக்கு 40000, கண்டிக்கு 20000 என்றவாறு அவை அமைந்துள்ளன. ஊர்ப் பெயரை எவர் எவ்வாறு எழுதினும், எந்த மொழியில் எழுதினும், எண் ஒன்றே. வாசிக்குந் தொழிலை இயந்திரத்துக்குக் கற்பித்தற்கு இதுவே வழி திறந்தது.

பின்னர் எண் ஊரைத் தாண்டி வீட்டு வாசலை நோக்கி நடக்கலாயிற்று. அயர்லாந்தின் நாட்டுப்புறங்களிலே வீடுகளுக்கு இலக்கமும் இல்லை, வீதிகளுக்குப் பெயரும் இல்லை. ஒரே முகவரியைப் பல குடும்பங்கள் கொண்டிருந்தன. அங்கு 2015-ஆம் ஆண்டில் ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியே ஏழு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு வழங்கப்பட்டது. இந்தியத் தபாற்றுறை 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீற்றர் சதுரக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்துக் கொண்ட குறியீட்டை வகுத்து வெளியிட்டது. இலக்கமில்லாத குடிசைக்கும் இதனால் ஓர் இருப்பிடம் உண்டாகின்றது. தபாற்காரருக்காக ஏற்பட்ட இக்குறியீடு நோயாளர் ஊர்திக்கும், தீயணைப்போருக்கும் வழி காட்ட வல்லது. ஒரு துறைக்கெனத் தொகுத்த தரவு பிற துறைக்கும் பயன்படுதல் இதன் தனிச் சிறப்பாகும்.

அடுத்து, பொருளுக்கு ஒரு பெயர் வேண்டும். பதிவுத் தபாலின் மேலும் வெளிநாட்டுப் பொதியின் மேலும் ஒட்டப்படும் சீட்டிற் கருங்கோடுகளும் அவற்றின் கீழே எழுத்துக்களும் எண்களும் இருப்பதை நேயர்கள் பலர் கண்டிருப்பர். அது 13 எழுத்துக்களால் ஆயது. முதல் இரண்டு எழுத்துக்கள் சேவையின் வகையைக் குறிக்கும்; பதிவுத் தபாலாயின் 'ஆர்' என்றும், பொதியாயின் 'சீ' என்றும், விரைவுத் தபாலாயின் 'ஈ' என்றும் தொடங்கும். அடுத்து எட்டு இலக்கத் தொடரெண். அதனையடுத்து ஒரு சோதனை இலக்கம். இறுதியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்கள். இலங்கைக்கு அவை 'எல்', 'கே' என்பன. கொழும்பிலே ஒட்டிய சீட்டை ரொறன்ரோவில் உள்ள கருவி தடுமாற்றமின்றி வாசிப்பது இந்த ஒழுங்கு எல்லா நாடுகளுக்கும் பொதுவானமையால் அன்றோ?

அந்தச் சோதனை இலக்கத்தின் நுட்பம் சுவையானது. தொடரெண் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக அமைந்தது எனக் கொள்வோம். எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 என்னும் எண்களாற் பெருக்கிக் கூட்டினால் 204 வரும். அதனைப் பதினொன்றால் வகுத்தால் மீதி 6. பதினொன்றிலிருந்து ஆறு போக 5. அதுவே சோதனை இலக்கம். இனி, எழுதுவோர் ஒருவர் கைதவறி மூன்றையும் நான்கையும் இடம் மாற்றி எழுதிவிட்டார் என வைத்துக்கொள்க. கூட்டுத்தொகை 206 ஆகும், மீதி 8, சோதனை இலக்கம் 3 ஆக வேண்டும். சீட்டிலோ 5 என்றிருக்கும். பிழை நேர்ந்தது என்பதைக் கணினி அக்கணமே அறிந்து அவ்வெண்ணை ஏற்க மறுக்கும். ஒருவரின் பொதி மற்றொருவரின் பெயரிற் பதிவாகாமற் காப்பது இச்சிறு கணக்கே.

பொருளுக்குப் பெயர் வந்தபின், அது செல்லும் பயணத்தையும் கூறலாம். தபாற்கந்தோரில் ஏற்றது, வெளிநாட்டுத் தபால் நிலையத்தை அடைந்தது, நாட்டை விட்டுப் புறப்பட்டது, மறுநாட்டை அடைந்தது, சுங்கத்திடம் ஒப்படைத்தது, விநியோகக் கந்தோரை எட்டியது, பெறுவோர் கையிற் சேர்ந்தது என ஒவ்வொரு நிலைக்கும் உலகப் பொதுவான ஒரு குறியீடு உண்டு. பொதிகளை அடக்கிய பைக்கும் 29 எழுத்துக் கொண்ட தனி அடையாளம் உண்டு. எங்கிருந்து எங்கே செல்கின்றது, எந்த ஆண்டின் எத்தனையாவது அனுப்புகை, பையின் நிறை யாது என்பன அதில் அடங்கும். பை மூடப்பட்டதும் அதனுள் இருப்பவற்றின் பட்டியல் மறுநாட்டுக்கு மின்செய்தியாகச் செல்லும். விமானம் தரையிறங்குமுன் வருவது எது என்பதை அங்குள்ளோர் அறிந்திருப்பர். பை வந்தபின் எண்ணிப் பார்த்து, குறைவிருப்பின் உடனே கேட்பர். முற்காலத்திற் காணாமற்போன பொதியைத் தேடுவதற்குக் கடிதத்தின் மேற் கடிதம் எழுதி மாதக் கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது. இன்று எந்த இரண்டு நிலைகளுக்கிடையே அது மறைந்தது என்பதைக் குறியீடுகளே காட்டுகின்றன.

இங்கேதான் தரவு வெறும் வசதி என்ற நிலையைக் கடந்து கட்டாயம் ஆகின்றது. வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்புவோர் சுங்க அறிவித்தற் சீட்டை நிரப்புதல் நெடுங்கால வழக்கம். முன்னர் அச்சீட்டு பொதியோடு ஒட்டிச் சென்றது; பொதி சேர்ந்த பின்னரே சுங்க அதிகாரி அதனைக் கண்டார். கொடிய போதைப்பொருள்கள் தபால் மூலம் நுழைவதைத் தடுக்கும் நோக்குடன் ஐக்கிய அமெரிக்கா 2018-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, பொதி வருமுன்னரே அதன் விபரம் மின்வழி வரவேண்டும் என விதித்தது. உலகத் தபால் ஒன்றியமும் 2021-ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதியிலிருந்து பொருள் அடங்கிய தபால்களுக்கு முற்கூட்டிய மின்தரவைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் நடைமுறைக்கு வந்தது. எனவே பொதி பின்னே செல்ல, செய்தி முன்னே செல்ல வேண்டியதாயிற்று.

அச்செய்தியிலும் சொல்லுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். 'அன்பளிப்பு' என்றோ, 'சாமான்' என்றோ எழுதினால் எந்தச் சுங்கத்துக்கும் ஒன்றும் விளங்காது. உலகச் சுங்க அமைப்பு வகுத்து 1988 முதல் வழங்கிவரும் ஆறு இலக்கப் பொருட்குறியீடு இதற்கு உதவுகின்றது. மூன்று கிலோகிராமுக்கு மேற்படாத பொதிகளில் அடைக்கப்பட்ட கறுப்புத் தேயிலைக்கு 090230 என்பது குறியீடு. இலங்கைத் தேயிலையைச் சிறு பொதியாக அனுப்புவோர் இந்த ஆறு இலக்கங்களை எழுதிவிட்டால், பெரு நாட்டிலும் போலந்திலும் அதன் பொருள் ஒன்றே. அதற்குரிய தீர்வையும் முன்கூட்டியே கணிக்கத்தக்கது.

தரவும் தீர்வையும் ஒத்துச் செல்லாதவிடத்து நேர்வது யாது என்பதை 2025-ஆம் ஆண்டு உலகம் கண்டது. 800 டொலருக்கு மேற்படாத பொதிகளுக்கு ஐக்கிய அமெரிக்கா வழங்கி வந்த தீர்வை விலக்கு அவ்வாண்டு ஓகத்து மாதம் 29-ஆந் திகதியுடன் எல்லா நாடுகளுக்கும் நீக்கப்பட்டது. தீர்வையை யார் அறவிடுவது, எவ்வழியிற் செலுத்துவது, எந்தத் தரவை எவரிடம் கொடுப்பது என்பன தெளிவாகாமையாற் பல நாட்டுத் தபாற் பகுதிகள் அந்நாட்டுக்கான பொதிகளை ஏற்பதை நிறுத்தின. அந்நாளில் அமெரிக்காவுக்குச் சென்ற தபாலின் அளவு ஒரு கிழமைக்கு முந்திய அளவிலும் 81 வீதம் குறைந்தது என்று உலகத் தபால் ஒன்றியம் அறிவித்தது. கப்பல்களும் விமானங்களும் முன்போலவே ஓடின. ஆயினும் பொதிகள் நின்றுவிட்டன. அனுப்பும்போதே தீர்வையைக் கணித்துச் செலுத்தும் ஏற்பாட்டை ஒன்றியம் வகுக்க முற்பட்டது. இந்த ஏற்பாடே பொதுத் தரவிலிருந்து பிறக்கும் புதிய சேவைகளுள் முக்கியமான ஒன்று. பெறுவோர் வாசலில் எதிர்பாராத தீர்வைச் சீட்டு வந்து நிற்பதில்லை. விலையின் முழு அளவும் முதலிலேயே தெரிந்துவிடுகின்றது.

பெரிய நிறுவனங்கள் சுங்க முகவரை அமர்த்தித் தம் சரக்கை அனுப்ப வல்லன. பனையோலைப் பெட்டி முடையும் ஒரு பெண்மணிக்கோ, மட்பாண்டம் வனையும் ஒரு குடும்பத்துக்கோ அவ்வசதி இல்லை. அவர்களுக்குத் தபாற்கந்தோரே துறைமுகம். இதனை உணர்ந்த பிறேசில் நாடு 2000-ஆம் ஆண்டளவில் எளிய தபால் ஏற்றுமதி முறை ஒன்றைத் தொடங்கிற்று. அனுப்புவோர் ஓர் எளிய படிவத்தை நிரப்பிப் பொதியைத் தபாற்கந்தோரில் ஒப்படைப்பர். சுங்க வேலையைத் தபாற் பகுதியே முடிக்கும். பெரு நாடு 2007-ஆம் ஆண்டில் அவ்வழியைப் பின்பற்றியது. இந்தியாவிலும் தபாற்கந்தோர்களில் ஏற்றுமதி நிலையங்கள் திறக்கப்பட்டுள்ளன. மூன்றிடத்தும் அடிப்படை ஒன்றே: ஒருமுறை சரியாகப் பதிந்த தரவு தபாலுக்கும், சுங்கத்துக்கும், விமானத்துக்கும், மறுநாட்டுக்கும் மீண்டும் எழுதப்படாமற் பயன்படுதல்.

ஏற்றுமதி ஒருபுறமிருக்க, உள்நாட்டுச் சேவைகளும் பல தோன்றியுள்ளன. தபால் தரம் பிரிக்கும் இயந்திரம் முகவரியை வாசிப்பதற்காக உறையின் மேற்பக்கத்தைப் படமெடுக்கின்றது. ஐக்கிய அமெரிக்கத் தபாற்றுறை 2017-இல் நாடெங்கும் தொடங்கிய சேவையில், அன்று வரவிருக்கும் கடிதங்களின் மேலுறைப் படங்கள் காலையிலேயே பெறுவோருக்கு மின்னஞ்சலிற் செல்கின்றன. இந்தியாவிலே ஓய்வூதியம் பெறும் முதியோர் தாம் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்தல் வேண்டும். 2020-ஆம் ஆண்டு முதல் தபாற்காரர் கைக்கருவியுடன் அவர்களின் வீட்டுக்கே சென்று, விரலடையாளம் பெற்று, அச்சான்றை அனுப்பிவைக்கின்றார். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மூதாட்டியை வண்டியிலேற்றிக் கந்தோர் வாசலுக்குக் கொண்டுவரும் துன்பம் இதனால் நீங்கிற்று.

தமிழ் மக்களுக்கு இவ்விடயத்தில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. முகவரியின் கூறுகளை உலகத் தபால் ஒன்றியம் தனித்தனியே பகுத்து ஒரு நியமம் செய்துள்ளது. அதிலே இடுபெயர், குடும்பப் பெயர் எனத் தனித்தனி இடங்கள் உள. தமிழரிற் பலருக்குக் குடும்பப் பெயர் என ஒன்றில்லை; தந்தையின் பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். மேனாடுகளுக்குச் சென்றவர்கள் தந்தையின் பெயரையே குடும்பப் பெயராக எழுத நேர்கின்றது. எனவே ஒரே வீட்டிலே தந்தைக்கு ஒரு குடும்பப் பெயரும் மகனுக்கு வேறொரு குடும்பப் பெயரும் அமைகின்றன. இன்னும், ழகரமும் ளகரமும் லகரமும் உரோம எழுத்தில் எவ்வாறு வருமென்பது எழுதுவோர் மனம் போன போக்கு. ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும் பொதியில் வேறுவிதமாகவும் இருக்குமாயின், கணினி அவற்றை இருவேறு ஆட்களாகவே கொள்ளும். நியமம் என்பது எல்லோரையும் ஒரே சட்டையினுள் திணிப்பதன்று. எல்லோருக்கும் பொருந்தும் அளவுகளைக் கண்டறிவது. ஆதலால் நியமங்கள் வகுக்கப்படும் அவைகளிலே சிறிய நாடுகளின் குரலும், சிறுபான்மை மொழிகளின் வழக்கும் இடம்பெறுதல் இன்றியமையாதது.

தரவைப் போற்றுவோர் அதன் தீமையையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒழுங்காக எழுதப்பட்டது எல்லாம் உண்மையாகி விடாது. பிரித்தானியத் தபாற்கந்தோர்களில் 1999-ஆம் ஆண்டு முதல் ஹொறைசன் என்னும் கணினிக் கணக்கு முறை புகுத்தப்பட்டது. அம்முறையிலிருந்த பிழைகளால் இல்லாத பற்றாக்குறைகள் தோன்றின. கணினி காட்டிய எண்ணை நம்பி, உபதபாலதிபர்கள் பலர் களவுக்கும் கணக்கு மோசடிக்கும் குற்றவாளிகளாக்கப்பட்டனர். வழக்குக்கு உள்ளானோர் 900-க்கு மேற்பட்டோர். சிறை சென்றோரும், உடைமை இழந்தோரும், ஊராரின் ஏளனத்துக்கு ஆளானோரும் அவர்களுள் உளர். அம்முறையிற் பிழைகள் இருந்தன என 2019-ஆம் ஆண்டிலே மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்குற்றத் தீர்ப்புக்களை நீக்குதற்கு 2024-ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. எந்தக் கணினிக் கணக்கையும் மனிதர் ஒருவர் வினவவும், ஆதாரத்தோடு மறுக்கவும் வழி இருத்தல் வேண்டும் என்பதே இவ்வழக்குகள் புகட்டும் பாடம்.

மற்றைய அபாயம் மறைவு பற்றியது. கடிதத்தைப் பிரிக்காமலே, யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பதிலிருந்து ஒருவரின் வாழ்வைப் பெரிதும் அறிந்துவிடலாம். மேலே கூறிய உறைப்படச் சேவையிலும், பிறர் பெயரிற் பதிவு செய்து அவர்களுக்கு வரும் கடிதங்களை உளவறிந்த மோசக்காரர் இருந்தனர். இலங்கைப் பாராளுமன்றம் 2022-ஆம் ஆண்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. வேண்டிய அளவுக்கு மேல் திரட்டாமை, திரட்டிய நோக்கத்துக்குப் புறம்பாகப் பயன்படுத்தாமை, வேண்டிய காலத்துக்கு மேல் வைத்திராமை என்பன இத்தகைய சட்டங்களின் சாரம். உறையின் உள்ளே இருப்பதைக் காத்த பழைய அறம், உறையின் மேலே இருப்பதையும் இனிக் காத்தல் வேண்டும்.

1874-ஆம் ஆண்டில் நாடுகள் உலகை ஒரே தபால் ஆள்புலம் ஆக்கின. செல்வ நாட்டின் கடிதத்துக்கும் வறிய நாட்டின் கடிதத்துக்கும் அங்கு ஒரே வழி. இன்று கருவியும் பயிற்சியும் மின்தொடர்பும் உடைய தபாற்கந்தோரின் பொதி தடையின்றிச் செல்ல, அவையில்லாத தபாற்கந்தோரின் பொதி எல்லையில் நின்றுவிடுமாயின், அந்த ஆள்புலம் மீண்டும் துண்டாகிவிடும். ஆகையால் புதிய சேவைகளை ஆக்குவோர் முதலிற் கவனிக்கவேண்டியது தலைநகரத்து இயந்திரத்தை அன்று. கிராமத்து உபதபாற்கந்தோரின் மேசையையே. அங்கே அமர்ந்திருப்பவர் சரியாகக் கேட்டு, சரியாக நிறுத்து, சரியாகப் பதிந்தால், அப்பொதிக்கு உலகெங்கும் வழி உண்டு. அவருக்கு வேண்டிய கருவியையும் பயிற்சியையும் கொடுப்பது தபாற் பகுதியின் கடமை. தெளிவான முகவரியையும், பொருளின் உண்மையான விபரத்தையும் அவரிடம் கொடுப்பது பொதுமக்களின் கடமை.